உளுந்தின் மேல் வந்து நின்ற சிவப்புக் கார்

அப்பா தள்ளினார். கார் நகரவில்லை.

புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் டிக்கியில் ஊன்றி, தார்ச்சாலையில் காலை உதைத்து உதைத்துத் தள்ளினார். காருக்கு அடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. முதலில் வெள்ளை, அப்புறம் ஒரு அழுக்கு மஞ்சள். உளுந்து வறுக்கிற வாசனை. சத்தியமாகச் சொல்கிறேன், முதல் நிமிஷத்தில் அது நல்ல வாசனையாகத்தான் இருந்தது.

"தம்பி, கியர எடுத்து விடுப்பா. நீ கியர மட்டும் எடு, நான் தள்ளிடுவேன்."

என் அண்ணன் செந்தில் திறந்த கதவு வழியாக உள்ளே குனிந்து ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தான். பெரிய டச் ஸ்கிரீன் எல்லாம் வைத்த கார். ஸ்கிரீன் கறுப்பாகிவிட்டது. விளக்கு இல்லை, ஹாரன் இல்லை. பட்டன் வெறும் பட்டனாக இருந்தது.

நான் கையில் மொபைலோடு நின்றேன். அதுவரை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

போன வாரம் நான் காலேஜில் அரியர் பரீட்சை எழுதிய கதையைப் படித்துவிட்டு நிறையப் பேர் சிரித்ததாக மெசேஜ் போட்டிருந்தீர்கள். நன்றி. இந்த வாரம் சிரிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. கார் பற்றி எழுதுகிறேன் என்று பத்திரிகை ஆசிரியரிடம் வாய் விட்டுவிட்டேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார், புது ஸ்போர்ட்ஸ் கார், எது கெத்து என்று ஜாலியாக ஒன்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை இங்கே வந்து நின்றுவிட்டது.

அண்ணன் அந்தக் காரை வாங்கியது ஒரே ஒரு விஷயத்துக்காக. அப்பாவை இடது பக்க சீட்டில் உட்கார வைத்து, கோடியக்கரை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான். சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதுகு போனதெல்லாம் அதற்காகத்தான் என்பது போலப் பேசுவான்.

பச்சை வண்டி

கோடியக்கரை ஏன் என்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

குத்தாலம் பக்கம் எங்கள் ஊர். ஊரில் ஒரு பெரிய வீடு உண்டு. சுற்றுவட்டாரத்து நிலமெல்லாம் ஒரு காலத்தில் அவர்களுடையது. எங்கள் தெருவே அவர்கள் வயலில் வேலை செய்த தெரு. அப்பா மீசை முளைப்பதற்கு முன்னாலேயே அங்கே வேலைக்குப் போய்விட்டார். வயல், மாட்டுக்கொட்டகை, அப்புறம் அந்தக் கார்.

பச்சை நிறம். இரண்டே சீட். தலைக்கு மேல் மடக்குகிற துணிக்கூரை. சக்கரத்தில் சைக்கிள் போலக் கம்பிகள். ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரனிடம் பெரிய வீட்டு அய்யா வாங்கியதாம். பார்க்க அப்படியே கொள்ளை அழகு. ஆனால் பேட்டரி எப்போதும் செத்துத்தான் கிடக்கும். அய்யா வெளியே கிளம்பும் ஒவ்வொரு தடவையும் ஆள் தள்ள வேண்டும்.

தள்ளியவர்களில் அப்பா ஒருவர். கேட்டிலிருந்து குளத்து மூலை வரை தள்ளினால் என்ஜின் ஒரு தடவை இருமும், மூஞ்சியில் ஒரு கறுப்புப் புகை துப்பும், ஓடிப் போய்விடும். உள்ளே இருப்பவர் திரும்பிப் பார்த்ததில்லை என்று அப்பா சொன்னதை நான் ஒரு புகாராகக் கேட்டதில்லை. பஸ் வந்தது, போனது என்கிற மாதிரி சொல்வார்.

அய்யா அடிக்கடி போன இடம் கோடியக்கரை. பறவை சுடப் போவாராம். அப்பாவுக்குக் கோடியக்கரையை நன்றாகத் தெரியும். எப்படியென்றால், திரும்பி வந்த காரைக் கழுவியது அவர்தான். மட்கார்டுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிற மணல், கம்பிகளில் பூத்திருக்கிற உப்பு, ரேடியேட்டரில் சிக்கிய பூச்சி. உப்பைத் தேய்த்து எடுக்காவிட்டால் இரும்பு அரித்துவிடும் என்பதால் விரல் விட்டுக் கழுவுவார். விரல் வெடிப்பில் உப்பு ஏறி எரியும். அவர் பார்த்த கோடியக்கரை அவ்வளவுதான்.

வெளிப்பக்கம் கழுவலாம். சீட்டைத் துடைக்க வேறு ஆள்.

பிளாஸ்டிக் மூடி

நான் மெக்கானிக்கல் முடித்தவன். வேலை கிடைக்கவில்லை, அது வேறு கதை. கடைசி வருஷம் படிக்கும்போது, பிராஜெக்டுக்கு என்று பொய் சொல்லிப் பெரிய வீட்டு ஷெட்டுக்குள் போய் அந்தப் பச்சைக் காரைப் பார்த்தேன். வீட்டுக்காரர்கள் இப்போது வெளிநாட்டில். ஒரு வாட்ச்மேன் மட்டும்தான். நாலு டயரும் தரையோடு உட்கார்ந்துவிட்டிருந்தன. துணிக்கூரையில் கோழி முட்டையிட்டிருந்தது.

பானெட்டைத் திறந்தேன். உண்மையைச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லாமே தெரிந்தது. இது கார்புரேட்டர், இது டெல்கோ, இது ஃபேன் பெல்ட் என்று விரல் வைத்துச் சொல்லலாம். கையை விட்டால் தரை தொடும். கீழே குனிந்து பார்த்தால் சைலன்சர் குழாய் முன்னாலிருந்து பின்னால் வரை ஓடுவது அப்படியே தெரியும். இந்தக் காரில் ஒன்று கெட்டால் அது எது என்று காரே காட்டிக் கொடுத்துவிடும்.

பவர் என்று பார்த்தால் பரம மொக்கை. இன்றைக்கு டியூஷனுக்குப் பிள்ளைகளைக் கொண்டு விடுகிற சின்ன கார் இதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பிரேக் பிடித்தால் நிற்கும், எப்போது என்று கேட்கக் கூடாது. சீட் பெல்ட் கிடையாது. மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும்.

நான் உள்ளே ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து செல்ஃபி எடுத்தேன். வாட்ச்மேன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு லேசாக நடந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, போட்டோவை விரலால் பெரிதாக்கத் தெரியாமல், மொபைலையே கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போய்ப் பார்த்தார்.

"உள்ள உக்காந்தா ரோடு தெரியுதாடா? முன்னாடி அவ்ளோ நீட்டமா இருக்கே."

பின்னாலிருந்தே பார்த்தவர் கேட்கிற கேள்வி அது. நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. அவன் அப்போது லீவில் வந்திருந்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையைத் தட்டில் வைத்தபடி அப்பாவையே பார்த்தான். அன்றைக்குத்தான் முடிவு எடுத்திருப்பான் என்று நினைக்கிறேன்.

அவன் வாங்கியது செகண்ட் ஹேண்ட். ஊரில் கல்யாணத்துக்குக் கொடுக்கிற பெரிய குடும்பக் கார் விலைதான் வந்தது. இரண்டு கதவு, இரண்டு சீட், பட்டனைத் தட்டினால் கூரை தானாக மடங்கி டிக்கிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். சிவப்பு. பேரைச் சொல்ல மாட்டேன், அதன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். ஓட்டினால் வேற லெவல். மிதிக்க வேண்டும் என்று நினைப்பதற்குள் வயிறு முதுகோடு ஒட்டிவிடும். வளைவில் காகிதத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி போகும்.

பானெட்டைத் திறந்தேன். ஒரு பெரிய கறுப்பு பிளாஸ்டிக் மூடி. அவ்வளவுதான் தெரிந்தது. அடியிலும் கம்பெனிக்காரன் பிளாஸ்டிக் தட்டு போட்டு மூடியிருந்தான். காற்று வழுக்கிக்கொண்டு போகவாம். என்ஜின் சத்தம்கூடப் பாதி ஸ்பீக்கரில்தான் வருகிறது என்று அண்ணனிடம் சொன்னேன். அவன் மூஞ்சி சுருங்கிவிட்டது. அப்பாவிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதே என்றான்.

சேறு

மாசி முடிகிற சமயம். அண்ணன் ஒரு சாயங்காலம் காரோடு ஊருக்குள் வந்தான். தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு வீரமணி சித்தப்பா காரைச் சுற்றி வந்து, இது என்னடா ஆள் படுத்துக்கிட்டு ஓட்டுற காரா, ஆம்புலன்ஸா என்று கேட்டார். அத்தைமார்கள் கண்ணாடியில் முகம் பார்த்தார்கள்.

அப்பா வயலிலிருந்து வந்துகொண்டிருந்தார். குத்தகைக்கு எடுத்த நிலத்தில் நெல் அறுத்த பிறகு உளுந்து போட்டிருந்தோம். செடியைப் பிடுங்கிக் காயவைத்துக் கட்டு கட்டியாகிவிட்டது. வாய்க்காலைத் தாண்டி வந்ததில் முழங்கால் வரை சேறு.

அண்ணன் இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். "ஏறுங்கப்பா."

அப்பா சீட்டைப் பார்த்தார். பழுப்பு நிறத் தோல். தன் காலைப் பார்த்தார்.

"நாளைக்கு ஏறுறேன்பா. குளிச்சிட்டு, நல்ல வேட்டி கட்டிக்கிட்டு."

"கால்ல சேறு பட்டா என்னப்பா? உங்க காருப்பா இது."

"நல்ல சீட்ட ஏன் பாழாக்கணும்? நாளைக்குக் காலையில ஏறுறேன்."

அண்ணன் கெஞ்சினான். கையைப் பிடித்து இழுத்தான். அம்மாகூட, ஏங்க சும்மா ஒக்காந்துதான் எந்திரிங்களேன் என்றாள். அவர் சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்து நகர்ந்து போனார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. எந்த வீட்டு வாசலில் நின்று பழகிய சிரிப்பு என்று தெரியும்.

எங்கள் தெருவில் காரை நிறுத்த இடமில்லை. மெயின் ரோட்டு ரைஸ்மில்லில் கேட்டு அங்கே நிறுத்தினான்.

மதகிலிருந்து புளியமரம் வரை

டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். உளுந்துச் செடி காய்ந்ததும் நாங்கள் அதைத் தார்ச்சாலையில் பரப்புவோம். பஸ், லாரி, டிராக்டர் எல்லாம் அதன் மேல் ஏறி ஏறிப் போகும். காய் வெடித்து உளுந்து தனியாக வந்துவிடும். கூலி மிச்சம். வண்டிக்காரர்கள் திட்டிக்கொண்டே ஏற்றுவார்கள், ஆனால் ஏற்றுவார்கள். ஒதுங்கிப் போகிறவனைத்தான் மனுஷன் இல்லை என்போம்.

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்து பார்த்தபோது, வாய்க்கால் மதகிலிருந்து புளியமரம் வரை எங்கள் உளுந்து முழுவதும் ரோட்டில் கிடந்தது. அப்பா வெயில் ஏறுவதற்குள் தனியாகவே பரப்பி முடித்திருந்தார். ஒரு ஆளுக்கு அது சாதாரண வேலை இல்லை. கெட்டியாக, மெத்தை மாதிரிப் பரப்பியிருந்தார். அப்புறம் குளித்து, புது வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கொண்டு புளியமரத்தடியில் நின்றார்.

பால் வண்டி ஒன்று வந்தது. அப்பா கையைக் காட்டி நிறுத்தி, கொஞ்சம் பொறுத்துப் போப்பா என்றார். அவன் கடுப்பாகி வயல் வரப்பை ஒட்டி இறக்கிச் சுற்றிப் போனான். எனக்குப் புரியவில்லை. ஏற்றத்தானே பரப்பியது?

"மொத வண்டி அண்ணன் வண்டியா இருக்கட்டும்டா."

அண்ணன் கூரையை மடக்கிவிட்டு வந்தான். மதகில் ஒரு நொடி தயங்கினான். அப்பா வா வா என்று இரண்டு கையாலும் கூப்பிட்டார். ஏற்றினான். காய்கள் படபடவென்று வெடித்தன. பஸ்ஸுக்கு அடியில் ஒரு ஆள் படுக்கிற இடம் இருக்கும். இந்தக் கார் அடிவயிறு தரையைத் தேய்க்கிற ஜாதி. செடியையெல்லாம் வாரிச் சுருட்டி இழுத்துக்கொண்டே வந்தது. புளியமரத்துக்குக் கொஞ்சம் முன்னால், செடியின் மேலேயே நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அம்மா ஆரத்தித் தட்டோடு குறுக்கே வந்துவிட்டாள்.

அண்ணன் என்ஜினை அணைக்கவில்லை. அப்பா சத்தம் கேட்கட்டும் என்று ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்தான். ஒரு தடவை, இன்னொரு தடவை. அப்பா காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டார். வீரமணி சித்தப்பா விசில் அடித்தார். அம்மா தட்டைச் சுற்றினாள்.

புதுக் கார்களில் புகையைச் சுத்தம் பண்ண ஒரு பெட்டி உண்டு, அடியில். அது அடுப்புக்கட்டி மாதிரிக் கொதிக்கும். பிளாஸ்டிக் தட்டுக்கும் அதற்கும் நடுவில் காய்ந்த உளுந்துச் செடி திணிந்து போயிருந்தது. மீதி உங்களுக்குத் தெரியும்.

அண்ணன் எகிறிக் குதித்தான். என்ஜின் அணைந்துவிட்டது. வயர் ஏதோ கருகியிருக்க வேண்டும், கரண்டே இல்லை. இந்தக் காரில் கியரும் ஹேண்ட் பிரேக்கும் பட்டன். கரண்ட் இல்லாமல் விடுபடாது. சக்கரம் கட்டிப்போட்ட மாதிரி நின்றுவிட்டது. பச்சைக் காராக இருந்தால் ஹேண்ட் பிரேக்கைக் கையால் இறக்கி, கியரைத் தட்டிவிட்டு, இரண்டு பேர் தள்ளினால் உளுந்தைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருக்கும்.

அப்பாவுக்கு அது தெரியாது. கார் என்றால் தள்ளினால் போகும் என்பதுதான் அவருக்குத் தெரிந்தது. நாங்களும் ஓடிப் போய்த் தள்ளினோம். பாறையைத் தள்ளுவது போல இருந்தது. டிக்கித் தகடு சுட ஆரம்பித்ததும் நாங்கள் கையை எடுத்துவிட்டோம். அவர் எடுக்கவில்லை. வீரமணி சித்தப்பா இடுப்போடு கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மதகு வரைக்கும் உளுந்து எரிந்தது. தீயணைப்பு வண்டி வந்தபோது அணைக்கிறதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. சீட் இருந்த இடத்தில் ஸ்பிரிங் கம்பிகள்.

கட்டு

டீக்கடையில் அப்பா பேரை இழுத்து நன்றாகப் பேசினார்கள். காளி மவன் ஏரோப்ளேன் வாங்குனானாம், பத்திக்கிச்சாம். அளவோடு இருக்கணும் என்று ஒருவர் எனக்குக் கேட்கும்படியே சொன்னார். நான் சண்டைக்குப் போயிருப்பேன், அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அவன் பஸ்ஸில்தான் சென்னைக்குத் திரும்பினான். ஏற்றிவிடப் போனேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "அன்னைக்குச் சாயங்காலமே அப்பாவத் தூக்கி உள்ள போட்டிருக்கணும்டா" என்றான். அப்புறம் மொபைலில் எதையோ பார்க்க ஆரம்பித்துவிட்டான். இன்னொரு கார் வாங்குகிற பேச்சை அவன் இன்றுவரை எடுக்கவில்லை. அப்பா அப்படி ஒரு காரில் உட்காரவே இல்லை. இனிமேல் உட்காரவும் மாட்டார், எனக்குத் தெரியும்.

அப்பாவுக்கு இரண்டு கையிலும் கட்டு. அம்மாதான் ஊட்டிவிடுவாள். ஒரு மத்தியானம் ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருக்கும்போது என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அதுவரை வீட்டில் யாரும் கேட்காததை அவராகவே சொன்னார்.

அந்தக் காலத்தில் பெரிய வீட்டுக் கார் வருகிறதென்றால் ஒரு ஆள் முன்னால் ஓடி வருவானாம். ரோட்டில் உளுந்து, எள்ளு எது பரப்பியிருந்தாலும் அள்ள வேண்டும். ஒரு செடி கிடக்கக் கூடாது. ஆம்பளை பொம்பளை எல்லோரும் வாரி வாரி ஓரத்தில் போடுவார்களாம். அவசரத்தில் பாதி உளுந்து புழுதியில் போய்விடும். கார் போனதும் மறுபடி பரப்ப வேண்டும். அப்பாவும் அள்ளியிருக்கிறார். அவருடைய அம்மா வயிற்றில் பிள்ளையோடு குனிந்து அள்ளியதைப் பார்த்திருக்கிறார்.

"எம்புள்ள கார் வந்தா யாரும் ஒண்ணும் அள்ள வேணாம்னு நெனச்சேன். மேல ஏறிப் போவட்டும்னு பரப்புனேன்."

அம்மாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"நீ இன்ஜின் படிச்சவன். சொல்லு. அவங்க அள்ளச் சொன்னது இதுக்குத்தானா? தீப் புடிக்கும்னா?"

ஷெட்டில் குனிந்து பார்த்த சைலன்சர் குழாய் எனக்கு ஞாபகம் வந்தது. அதுவும் தாழ்வாகத்தான் ஓடியது. அதுவும் கொதித்திருக்கும். தீப் பிடிக்கும் என்று யாராவது அய்யாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

"இல்லப்பா. அது திமிருதான்."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"அப்ப நான் பரப்புனதுல தப்பு இல்லல்ல?"

"இல்லப்பா."

கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்ன ஏன்டா எரிஞ்சிச்சு?"

அம்மா அடுத்த கவளத்தை உருட்டி நீட்டினாள். அவர் வாயைத் திறக்கவில்லை.